ஒரு பெட்டி கிரீன் டீயில் 22 ரூபா

சீனி வியாதியின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்தியர் சொன்ன அன்று மாலை, வெள்ளவத்தையில் உள்ள சுப்பர் மார்க்கட் ஒன்றில் கிரீன் டீ தேடிப் போனேன். மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீருக்கு விடை கொடுக்க வேண்டிய கட்டாயம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, தேத்தண்ணி என்றால் சிறுவயதில் ஒரே நிறம்தான். தோட்டத்தில் கொடுக்கும் தூளை ஊற்றி, கருப்பாக, கொதிக்கக் கொதிக்கக் குடிப்போம். அந்த மாலையில் என் முன்னால் இருந்த தட்டில் எலுமிச்சை, இஞ்சி, புதினா, மல்லிகை, கறுவா, ஸ்ட்ரோபெரி என்று விதவிதமாக கிரீன் டீ பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், 14 வகைகள். அவற்றில் வாசனை எதுவும் சேர்க்காதவை இரண்டு மட்டுமே.

ஏன் இரண்டு மட்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதாயிற்று.

ஆறு பெட்டிகள் வாங்கினேன். வாசனை சேர்க்காத இரண்டும், எலுமிச்சை, இஞ்சி, புதினா, மல்லிகை ஆகிய நான்கும். அடுத்து வந்த போயா தினத்தில் வீட்டிலேயே அவற்றைச் சுவைத்துப் பார்த்தோம். கூட இருந்தவர்கள் இருவர். ஒருவர், கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றின் சுவைக்கூடத்தில் பல வருடங்கள் வேலைசெய்து ஓய்வுபெற்ற நண்பர். மற்றவர் என் சித்தி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 வருடங்கள் கொழுந்து பறித்தவர். கண் கிளினிக்குக்காகக் கொழும்பு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

குறையைக் காட்டும் முறை

தேயிலையை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு சர்வதேசத் தரமுறை ஒன்று இருக்கிறது. 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். குடித்து மகிழ்வதற்கான முறை இதுவல்ல. இலையில் இருக்கும் குறைகளை வெளியே கொண்டுவருவதற்காகவே இத்தனை கடுமையாக ஊறவைக்கிறார்கள். குடிப்பதற்கென்றால் கிரீன் டீக்குக் கொதிநீர் ஆகாது. கொதித்த தண்ணீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, 75 அல்லது 80 பாகை சூட்டில் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். ‘கிரீன் டீ கசக்கிறது’ என்று சொல்பவர்களில் பலர் கொதிநீரை ஊற்றிப் பையை உள்ளேயே விட்டுவிடுகிறவர்கள்.

நாங்கள் இரண்டு விதமாகவும் ஊற்றிப் பார்த்தோம். எந்தக் கோப்பையில் எது என்று தெரியாதபடி நண்பர் இலக்கம் போட்டு வைத்தார்.

வாசனை சேர்க்காதவற்றில் ஒன்று, பையில் இல்லாமல் உருட்டிய முழு இலையாக வந்தது. இளமஞ்சள் கலந்த பச்சை நிறம். அவித்த பயற்றங்காயின் மணம். நாக்கில் லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகு மெல்லிய இனிப்பு. மற்றது பையில் அடைத்தது. நிறமே பழுப்பு, காய்ந்த வைக்கோல் வாடை, கசப்பு. “இது பழசு” என்றார் நண்பர். கிரீன் டீ நாள்பட்டால் தரம் குறையும். வெளிச்சமும் ஈரமும் அதற்கு எதிரி.

எலுமிச்சைப் பெட்டியைத் திறந்தபோது அறையே மணத்தது. வாயில் வைத்ததும் அந்த மணம் மறைந்து கசப்பு மட்டும் நின்றது. மல்லிகையை முகர்ந்த சித்தி, “சாமி ரூம்ல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு தம்பி” என்றார். இஞ்சியில் உண்மையான இஞ்சித் துண்டுகள் இருந்தன, குடிக்கக்கூடியதாக இருந்தது. புதினாவும் பரவாயில்லை. மொரோக்கோவில் சீனத்து உருண்டைக் கிரீன் டீயோடு புதினாவும் சீனியும் சேர்த்துக் குடிப்பது நீண்டகால வழக்கம். அந்தச் சேர்க்கைக்கு ஒரு நியாயம் உண்டு.

பிறகு நண்பர் ஒரு வேலை செய்தார். எல்லா இலைக்கும் இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றினார். மேலே தெளித்த வாசனையில் பெரும்பகுதி முதல் தண்ணீரோடு போய்விடும், இரண்டாவதில் இலையின் சொந்தக் குணம் தெரியும் என்றார். உருட்டிய இலை இரண்டாம் தடவையும் நன்றாகவே இருந்தது. எலுமிச்சையும் மல்லிகையும் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல இருந்தன. பையை வெட்டி ஈரமான இலையை வெள்ளைத் தட்டில் பரப்பினோம். சித்தி விரலால் கிளறிப் பார்த்தார்.

“இது கொழுந்தே இல்ல தம்பி. முத்துன எல. காம்பு வேற கெடக்கு. இத நாங்க கூடையில போட்டுக்கிட்டுப் போனா கணக்கப்பிள்ள ஏசுவாரு.”

இலையால் ஒளிய முடியாது

கருப்புத் தேயிலையும் கிரீன் டீயும் ஒரே செடியின் கொழுந்துதான். கருப்புத் தேயிலைக்கு இலையை வாடவைத்து, நசுக்கி, காற்றுப்பட விடுகிறார்கள். இலையிலுள்ள நொதியம் வேலைசெய்து நிறத்தையும் சுவையையும் மாற்றுகிறது. கிரீன் டீயில் அந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே நீராவியிலோ சூடான வாணலியிலோ நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் நீராவி, சீனாவில் பெரும்பாலும் வாணலி.

அதனால் கிரீன் டீயில் இலையின் குறையை மறைக்க இடமில்லை. பாலும் சீனியும் உதவிக்கு வராது. இளங்கொழுந்தில் இனிப்பும் மென்மையும் தரும் அமினோ அமிலங்கள் அதிகம், முற்றிய இலையில் நார்தான் அதிகம். சாக்கில் அமுக்கி அடைத்த கொழுந்து நசுங்கி, தொழிற்சாலைக்குப் போகுமுன்பே பழுக்கத் தொடங்கிவிடும். அந்தக் கெடுதலும் கோப்பையில் தெரியும்.

சீனாவில் ஏப்ரல் முதல் வாரத்துக்கு முன்பு பறிக்கும் கொழுந்துக்குத் தனி விலை. ஜப்பானில் முதல் பறிப்புக்குத் தனி மரியாதை. கியொக்குரோ என்ற உயர்ரகத்துக்குப் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாட்கள் செடிக்கு நிழல் போடுகிறார்கள். மல்லிகைத் தேயிலையும் முறையாகச் செய்தால் பெரிய கலைதான். இரவில் விரியும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, காலையில் பூவைப் பிரித்தெடுத்து, மறுபடி புதுப் பூ சேர்த்து, இப்படிப் பல இரவுகள் செய்வார்கள். எனவே வாசனை சேர்ப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நல்ல இலைக்கு அழகு சேர்ப்பது வேறு, மோசமான இலையின்மேல் திரவ வாசனையைத் தெளிப்பது வேறு. என் பெட்டிகளில் ‘அனுமதிக்கப்பட்ட சுவையூட்டி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

இலங்கையின் தேயிலை உற்பத்தியில் 95 வீதத்துக்கும் மேற்பட்டது கருப்புத் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய காலத்திலிருந்து செடி, தொழிற்சாலை, ஏலம் எல்லாம் அதை மையமாக வைத்தே வளர்ந்தன. கிரீன் டீ இங்கே ஓர் ஓரத்துப் பயிர். ஆனால், பெறுமதி கூட்டிய தேயிலைதான் எதிர்காலம் என்று கம்பனிகளும் அரசாங்கங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, முதலில் காட்டப்படுவது இந்த வாசனைப் பெட்டிகள்தான். பெறுமதி எங்கே கூட்டப்படுகிறது? பெட்டியிலும் வாசனையிலும். கொழுந்தில் கூட்டப்படுவதில்லை.

நிறையும் தரமும்

சித்தி அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நமக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், ஒரு நாளைக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆக 18 கிலோவிலிருந்து 4 கிலோ. பைக்கு 2 கிராம் வீதம் 2000 பைகள். பெட்டிக்கு 25 பைகள் என்றால் 80 பெட்டிகள்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 1350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 1550 ஆகும் என்றும், அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபா வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 1750 ரூபா. 80 பெட்டிகளால் வகுத்தால், ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 22 ரூபா. பறித்தவரின் பங்கு அவ்வளவுதான். நீங்கள் கடையில் கொடுக்கும் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழிற்சாலை, எரிபொருள், ஊழியர் சேமலாப நிதி, பொதியிடல், போக்குவரத்து, கடைக்காரரின் இலாபம் என்று மற்றச் செலவுகள் இருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. நல்ல கிரீன் டீக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் நிதானமாகப் பறிக்க வேண்டும். அப்படிப் பறித்தால் 18 கிலோ வராது, பாதிதான் வரும் என்றார் சித்தி. நிறை வராவிட்டால் அரைப் பேர்; அதாவது பாதிச் சம்பளம். மேலதிகக் கிலோவுக்குத்தான் மேலதிகக் காசு. தரத்துக்கென்று எதுவும் இல்லை. அப்படியிருக்க எந்தப் பெண் நிதானமாகப் பறிப்பாள்? ஆள் குறைந்து, ஏழு நாளுக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய மலையைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எடுத்தால் கொழுந்து எப்படி இளசாக இருக்கும்?

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். கிரீன் டீக்கென்று ஒதுக்கிய மலையில் 9 கிலோ மென்கொழுந்துக்கு முழுப் பேர் கொடுத்தால் என்ன நடக்கும்? பெட்டிக்கான பறிப்புச் செலவு 22 ரூபாவிலிருந்து 44 ரூபாவாகும். கூடுவது இன்னொரு 22 ரூபா. அந்த 22 ரூபாவைக் கொழுந்தில் போடாமல், எலுமிச்சை வாசனையிலும் பளபளக்கும் பெட்டியிலும் போடுவதைத்தான் நாம் பெறுமதி கூட்டல் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்பனிகளின் பதில் எனக்குத் தெரியும். பறிப்பு பாதியானால் தொழிற்சாலைக்கு இலை போதாது, நிலையான செலவுகள் ஏறும் என்பார்கள். கருப்புத் தேயிலை முழுவதற்கும் இதைச் செய்யச் சொன்னால் அது நியாயமான வாதம். உற்பத்தியின் மிகச் சிறிய பகுதியான கிரீன் டீக்கு, தெரிந்தெடுத்த சில மலைகளில் செய்து பார்ப்பதற்கு அந்த வாதம் பொருந்தாது. ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையும் எத்தனை ரூபா, எத்தனை கிலோ என்ற இரண்டு எண்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தரத்துக்கு எவ்வளவு என்ற மூன்றாவது எண்ணைத் தொழிற்சங்கங்களும் மேசையில் வைக்க வேண்டும். மலையகப் பெண்களின் கையிலுள்ள திறமைக்கு விலை கேட்கும் இடம் அதுதான்.

மெலிய வைக்குமா?

பெட்டிகளில் கொழுந்தைப் பற்றி எதுவும் இல்லாத இடத்தில் உடல்நலம் பற்றி நிறைய இருந்தது. இரண்டு பெட்டிகளில் மெல்லிய இடையுடைய பெண்ணின் படம். கிரீன் டீ எடையைக் குறைக்குமா என்பதை ஆராய்ந்த பரிசோதனைகளைத் தொகுத்து, கொக்ரேன் அமைப்பு 2012இல் ஒரு மீளாய்வை வெளியிட்டது. எடை குறைவு மிகச் சிறியது, மருத்துவ ரீதியில் பெறுமதியற்றது என்பதே அதன் முடிவு. சீனியை விட்டதால் எனக்கு நன்மை வரும். அந்தப் பெருமை இலைக்குரியதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தத் தேயிலையாயினும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரத்தசோகை தொடர்ந்து பேசப்படும் தோட்டப்புறங்களில், ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்கும் பெண்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி இது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிப்பது நல்லது. கர்ப்பிணித் தாய்மார் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

வாங்கும்போது

வாசனை சேர்க்காததை வாங்குங்கள். கிடைத்தால் முழு இலையாக வாங்குங்கள். உற்பத்தித் திகதியைப் பாருங்கள். இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். சிங்க இலச்சினை இருந்தால் அது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்று பொருள். எப்படிப் பறிக்கப்பட்டது என்பதை அது சொல்லாது.

சித்தி ஊருக்குப் போகும்போது, மிச்சமிருந்த உருட்டிய இலையைச் சுற்றிக் கொடுத்தேன். “இது நல்ல கொழுந்து. எந்தத் தோட்டத்துல எடுத்தாங்கன்னு போட்டிருக்கா?” என்று கேட்டார். பெட்டியின் ஆறு பக்கங்களையும் பார்த்தேன். கலோரி அளவு இருந்தது, பட்டைக் குறியீடு இருந்தது, ஏற்றுமதியாளரின் முகவரி இருந்தது. தோட்டத்தின் பெயர் இல்லை.