படியைக் குறுக்கினால் மட்டும் போதாது

பின்ன வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. உயர்வரிசை முறை ஒன்றை எடு. நேரத்தைச் சமமாக வெட்டு. விடை திருப்தியில்லையா, படியைக் குறுக்கு. இந்த நம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்கும் வாதங்கள் எவையும் உரசிப் பார்த்தால் முழுதாகத் தேறுவதில்லை.

இயற்கையில் விடைகள் வழவழப்பானவை என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் காய்ந்த கரிசல் வயலில் மழைநீர் தேங்குவதை எடுத்துக்கொள்வோம். மண் குடிக்கும் மொத்த நீர், தொடக்கத்தில் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது என்று 1957இல் ஜான் பிலிப் காட்டினார். அப்படியானால் குடிக்கும் வேகம் பூச்சிய நொடியில் முடிவிலி. (வெடிப்புக்குள் நேரே இறங்கும் தண்ணீருக்கு இந்தக் கணக்கு செல்லாது.) ஈரம் பரவும் கெழுவை மாறிலி என்று கொண்டால், அந்த வேகம் மேற்பரப்பு ஈரத்தின் அரை வரிசை வகைக்கெழுவே. நிஜ மண்ணில் அந்தக் கெழு ஈரத்தோடு மாறும், சமன்பாடு நேரியல் தன்மையை இழக்கும். வர்க்கமூலம் மட்டும் போகாது.

மண்ணை விட்டுவிட்டுக் கணிதத்தை மட்டும் பார்த்தாலும் அதே கதைதான். வரிசை 0க்கும் 1க்கும் நடுவே இருக்கையில், விடையின் சரிவு எல்லைக்குள் அடங்கினால் கபூட்டோ வகைக்கெழு தொடக்கத்தில் பூச்சியமாகிவிடும். சமன்பாட்டின் வலப்பக்கமும் அங்கே பூச்சியமாக இருந்தாக வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். ஆக, வழவழப்புதான் விதிவிலக்கு.

சரி, படியைக் குறுக்கினால்? காலப் பின்ன வரிசைப் பரவல் சமன்பாட்டுக்கு ஸ்டைன்ஸ், ஓரியார்டன், கிராசியா மூவரும் 2017இல் இதை அலசினார்கள். வரிசை 0.5 என்றால், பரவலாகப் புழங்கும் எல்-1 முறை வாக்களிக்கும் துல்லிய வரிசை 1.5. சமப்படியில் மிகப்பெரிய பிழை குறைவதோ 0.5 வரிசையில்தான். பிழையைப் பத்தில் ஒன்றாக்க 100 மடங்கு படிகள் வேண்டும். ஒவ்வொரு படியும் பழைய படிகள் அனைத்தையும் கூட்டிப் பார்ப்பதால் வேலை 10,000 மடங்கு. தொடக்கத்தில் நெருக்கி, போகப் போக அகட்டி, படி எண் விகிதத்தின் கனப்படி நேரத்தை வெட்டினால் 1.5 திரும்பக் கிடைக்கிறது: 5 மடங்குக்கும் குறைவான படிகள், சுமார் 22 மடங்கு வேலை.

தொடக்கத்துப் பிழை போகப் போகக் கரைந்துவிடும் என்பதில் பாதி உண்மை உண்டு. தொடக்கத்திலிருந்து விலகினால் சமப்படியிலும் துல்லிய வரிசை 1 கிடைக்கிறது, ஆனால் 1.5 இல்லை. அதோடு, எவ்வளவு நீர் மண்ணில் இறங்கும், எவ்வளவு கண்மாய்க்கு ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த முதல் பொழுதுதானே!

நெருக்கிய படிக்கு எதிரான ஒரு வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வரிசை 0.1 என்றால் கனத்தின் இடத்தில் வரும் அடுக்கு 19 ஆகிறது. 100 படிகளில் முதல் படி, மொத்த நேரத்தை 1க்குப் பின் 38 பூச்சியம் போட்ட எண்ணால் வகுத்த துண்டு. முழுமையாக்கல் பிழை அங்கே விளையாடும். சமப்படிக்கென லூபிஷ் 1986இல் தந்த தொடக்கத் திருத்தங்களும் இவ்வளவு சிறிய வரிசையில் தடுமாறுகின்றன. இதனால் சமப்படி நியாயமாகிவிடாது.

பிறகு உயர்வரிசை முறைகளின் துல்லியத்தைக் காட்டும் அந்த அழகான அட்டவணைகள் எப்படி வந்தன? நேரத்தின் 4ஆம் அடுக்கை விடையாக முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கேற்ற வலப்பக்கத்தைப் பின்னால் தயாரித்தால் எந்த முறையும் முதல் வகுப்பில் தேறும். அடுத்த முறை அப்படி ஓர் அட்டவணையைக் கண்டால், வர்க்கமூல விடைக்கும் ஒரு நிரல் கேளுங்கள்.