பாலத்தில் நிற்கும் கார்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் வேளச்சேரிக்காரர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். டி.வி.யில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று ஆரம்பித்ததுமே கார் சாவியைத் தேடுவார்கள். ஊரைவிட்டு ஓடுவதற்கு அல்ல, வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதற்கு.

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது. அப்படியெல்லாம் இல்லை என்று போலீஸ் மறுத்தது. அதற்குள் ஊரே சிரித்து முடித்துவிட்டது. 'மனுஷனே மிதக்கப்போறான், இவங்களுக்குக் கார் கவலை!' என்று ஒரு கோஷ்டி. 'பயந்த அளவுக்கு மழையே இல்லையே சார்' என்று இன்னொரு கோஷ்டி.

நான் பாலத்தில் ஏற்றியவர்கள் கட்சி. காரணம் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் நண்பரின் கார் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்ததும் சேற்றைத் துடைத்தார், பிள்ளையாரைக் கும்பிட்டார், சாவியைத் திருப்பினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜினுக்குள் பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. முரட்டுத்தனமாக முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனார். 'வெள்ளம் செய்த சேதத்துக்குத் தருவோம். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு எப்படித் தருவது?' என்று கேட்டார்கள். ஓடாத காருக்கு மாதாமாதம் தவணை கட்டினார் மனுஷன். கார் வைத்திருப்பவனெல்லாம் பணக்காரன் என்று நினைப்பவர்கள் ஒரு கால் டாக்ஸி டிரைவரிடம் பேசிப் பாருங்கள். அவருக்கு அது கார் இல்லை, அடுப்பில் உலை.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? முதலில் பானெட்டைத் திறக்காதீர்கள், பீரோவைத் திறங்கள். பாலிசியை எடுத்துப் படியுங்கள். சட்டத்துக்காக எடுத்த 'தேர்ட் பார்ட்டி' மட்டும்தான் இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கார் மூழ்கினால் ஒரு பைசா தேறாது. முழு பாலிசி இருந்தாலும், இன்ஜினுக்குத் தண்ணீரால் வரும் சேதத்துக்குத் தனியாக ஒரு 'ஆட் ஆன்' உண்டு. அதைப் பெரும்பாலும் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஏஜென்டுக்கு போன் செய்து பிரயோஜனமில்லை.

வைப்பர், பிரேக், டயர் மூன்றையும் மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள். 2016-ல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது ஞாபகமிருக்கும். ஓடுகிற தண்ணீர் ஓரடி உயரமிருந்தால் போதும், சின்னக் காரைத் தூக்கிவிடும். சுரங்கப்பாதையில் 'போயிடலாம் சார்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், அல்லது நிறுத்தின இடத்தில் மூழ்கிவிட்டால், சாவியைத் தொடவே தொடாதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். மின்சாரக் கார் என்றால் எந்த ஒயரிலும் கை வைக்கவேண்டாம்.

இதெல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியது. ஆனால் இத்தனைக்கும் மேலான முன்னேற்பாடு ஒன்று உண்டு. வண்டி மேட்டில் நிற்கவேண்டும். அந்த மேட்டுக்கு எங்கே போவது? பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் சுருக்கியாயிற்று. தண்ணீர் தங்கவேண்டிய பள்ளத்தில் வீடு, வீட்டுக்கு அடியில் கார் பார்க்கிங். வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், வாங்கிய நாம் இந்தப் பக்கம். 2023-ல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்துபோனது பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பில். 'புயல் ஆந்திரா பக்கம் போயிடுச்சு' என்று இனிமேல் யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பாலம் பார்க்கிங் செய்யும் இடமில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸுக்கு வழி மறித்து நிறுத்துபவனுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அங்கே நிறுத்தாதே என்று சொல்பவர்கள் வேறெங்கே நிறுத்துவது என்றும் சொல்லவேண்டும் இல்லையா? நிவாரண முகாம்களுக்குப் பட்டியல் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தாழ்வான வார்டுக்கும் ஒரு மேடான இடத்தைப் புரட்டாசியிலேயே அறிவிக்கட்டும். அடுக்குமாடி பார்க்கிங்கோ, மேடான மைதானமோ, எதுவானாலும் சரி. அதில் முதல் வரிசை ஆட்டோவுக்கும் கால் டாக்ஸிக்கும் குட்டி யானைக்கும். நம்ம கார் அடுத்த வரிசையில் நிற்கட்டும், தப்பில்லை.

உங்கள் கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள். மழை வந்த பிறகு முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். அப்போது அவர் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பார். வெயில் அடிக்கும்போதே போய்க் கேளுங்கள்.

அதுவரைக்கும், பாலத்தில் ஓரமாக ஒரு கார் நின்றால் சிரிக்காமல் போங்கள். அதற்கு இன்னும் தவணை பாக்கி இருக்கும்.