மலைமேல் ஒரு பிரபு, மன்றத்தில் பல பிரபுக்கள்

திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்து உள்ளே அடியெடுத்து வைத்த சிறிது தூரத்திலேயே, கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவருடன் உலோகச் சிலையாய் நின்றுகொண்டிருக்கிறார். தென்னாட்டின் பெரும்பகுதியைக் கட்டியாண்ட அந்தச் சக்கரவர்த்தி, கையில் வாளும் இல்லாமல், கட்டியம் கூறுவாரும் இல்லாமல், கூப்பிய கரங்களோடு சந்நிதியை நோக்கி நிற்பதை, நெரிசலில் தள்ளுண்டு போகிற பக்தர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதே மகாதுவாரத்தில்தான் இன்று உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தரிசனத்துக்கு வருகையில், தேவஸ்தான அதிகாரிகள் எதிர்கொண்டு அழைத்துச் செல்கிறார்கள். தரிசனம் முடிந்ததும் ரங்கநாயக மண்டபத்தில் வேத ஆசீர்வாதமும் பிரசாதமும் கிடைக்கின்றன. மறுநாள் பத்திரிகையில் படமும் வருகிறது. அதே வேளையில், வைகுண்டம் கியூ வளாகத்து அறைகளில், தூங்கிப்போன பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஜனங்கள் கதவு திறக்கக் காத்திருக்கிறார்கள்.

நீதிபதிகளின் பக்தியைக் குறைசொல்ல நான் வரவில்லை; அமைச்சர்களுக்கும் இந்த உபசாரமெல்லாம் உண்டு என்பதை அறியாதவனும் அல்லேன். மலைமேல் பிரபு ஒருவரே என்று ஒப்புக்கொண்டு கை கூப்புகிறவர்கள், மலையிறங்கி ஆசனத்தில் அமர்ந்ததும் தம்மைப் பிறர் ‘மை லார்ட்’ என்று விளிப்பதை எப்படிக் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வியப்பு.

அந்த மலை அடங்கியிருந்த சித்தூர் ஜில்லாவின் அப்பீல்கள் போய்வந்த ஊர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1911இல் ஜில்லா உருவானதிலிருந்து நெடுங்காலம் அவை சென்னைக்குப் போயின. 1953இல் ஆந்திர ராஜ்யம் பிறந்து, மறு ஆண்டு குண்டூரில் உயர் நீதிமன்றம் அமைந்தபோது வழக்குக் கட்டுகள் குண்டூருக்குப் போயின. 1956இல் ஹைதராபாத்துக்குப் போயின. 2019 ஜனவரி முதல் அமராவதிக்குப் போகின்றன. ராஜ்யம் மாறிற்று, ராஜதானி மாறிற்று, 2022இல் திருப்பதி தனி ஜில்லாவாகவும் ஆயிற்று. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற அந்த விளி மாத்திரம் ஒவ்வொரு தடவையும் கட்டுகளோடு கூடவே வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ‘யுவர் ஆனர்’ என்றோ, மாண்பமை நீதிமன்றம் என்றோ சொன்னால் போதும், கீழ்க் கோர்ட்டுகளில் ‘சார்’ என்றோ அந்தந்த வட்டார மொழியில் அதற்குச் சமமான சொல்லையோ வழங்கலாம் என்று இந்திய வழக்கறிஞர் கழகம் 2006ஆம் ஆண்டில் தீர்மானித்திருந்தது. 2014 ஜனவரியில் இது குறித்து வந்த ஒரு மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், ‘மை லார்ட்’ என்று அழைக்கும்படி எவரையும் நாங்கள் நிர்ப்பந்திக்கவில்லை, மரியாதையாக அழைத்தால் போதும் என்று சொல்லிற்று. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவரான பாப்டே, பின்னாளில் தலைமை நீதிபதியாகி, 2021இல் ஒரு சட்ட மாணவர் ‘யுவர் ஆனர்’ என்று ஆரம்பித்தபோது, அது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கோ மாஜிஸ்டிரேட்டுக்கோ உரியதல்லவா என்று குறுக்கிட்டார். எதைச் சொன்னால் குற்றம் என்று தெரியாதபோது, வக்கீலானவர் மிக உயர்ந்த படியிலேயே நின்றுகொள்வது மனித சுபாவம்.

நமக்கோ சொற்பஞ்சம் இல்லை. பழைய தமிழ்ப் பிராதுகளில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று எழுதுவார்கள். அந்த ‘ஆர்’ விகுதி ஆசனத்துக்குக் கிடைத்த மரியாதையேயன்றி, அதில் இன்றைக்கு அமர்ந்திருக்கும் ஆசாமிக்குக் கிடைத்ததன்று. நாவால் சொல்வதற்கு ‘அய்யா’ இருக்கிறது; தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில், இரண்டு பாஷைக்காரரும் பெரியவர்களைக் கண்டால் சொல்லும் வார்த்தை அதுதான். திருச்சானூரில் பிறந்து, நெடுங்காலம் வக்கீல் தொழில் நடத்திய அனந்தசயனம் ஐயங்கார், 1952இல் திருப்பதியிலிருந்தும் 1957இல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குச் சென்று, அதன் சபாநாயகராகவும் வீற்றிருந்தார். சட்டத்தையே இயற்றுகிற அந்தச் சபையில் அவரை உறுப்பினர்கள் ‘சார்’ என்றுதான் அழைத்தார்கள். அதனால் அவருடைய ஆசனம் ஓர் அங்குலமும் தாழ்ந்துவிடவில்லை.

எனினும், விளி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்வதற்காக, இந்தப் பக்கத்துக் கோர்ட்டு ஒன்றில் நான் அரைநாள் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னே எழுபது வயதிருக்கும் ஒரு குடியானவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார். தோள்துண்டை எடுத்து நான்காய் மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். கோயிலுக்குள் போகிறவர்போல் தலை குனிந்து நுழைந்து, சுவரோரமாய் நின்றார். பின்னால் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் வக்கீல் குமாஸ்தாக்கள் அமர்ந்திருந்தார்கள். டவாலி அவர் பெயரைத் தெலுங்கில் மூன்று முறை கூவினார். இரண்டாம் கூவலில்தான் அது தம் பெயர் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குள் வக்கீல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, நீதிபதி தலையசைக்க, பெஞ்சு கிளார்க் குறித்துக்கொள்ள, காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. வெளியே வந்து, “என்னப்பா ஆச்சு?” என்று பெரியவர் கேட்டார். “வாய்தா, தாத்தா” என்றார் குமாஸ்தா. நல்லவேளையாக, அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றே.

கோர்ட்டில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. நீதிபதி உள்ளே வரும்போது எழுந்து நிற்பதும், அவர் பேசுகையில் குறுக்கிடாதிருப்பதும், வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. பலமுள்ளவனின் குரல் பலமற்றவனின் குரலை அமுக்கிவிடாமல் இருக்க வேண்டுமானால், இருவரும் ஒரு ஸ்தானத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும். 2025 அக்டோபரில் ஒரு வக்கீல், அப்போதைய தலைமை நீதிபதி கவாயை நோக்கிக் காலணி எறிய முயன்றது எந்த விதத்திலும் சமாதானம் சொல்ல முடியாத அநாகரிகம். அதனால் மனம் சிதற வேண்டாம், வழக்கைத் தொடருங்கள் என்று அவர் சொல்லி, அடுத்த வாதத்துக்குச் செவி கொடுத்தாரே, அந்த அமைதி பெற்றுத்தந்த கௌரவத்தை எந்த அவமதிப்புச் சட்டமும் பெற்றுத்தர முடியாது.

ஸ்தானத்துக்கு உரிய மரியாதையை ஆள் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ரயில் பயணத்தில் சிற்றுண்டி கிடைக்கவில்லை என்று ரயில்வேயிடம் விளக்கம் கேட்டு அந்த நீதிமன்றத்திலிருந்தே கடிதம் போயிற்று. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் அனைவருக்கும் எழுதி, இத்தகைய சலுகைகள் பிறருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று எச்சரிக்கும்படி ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்த சந்துருவோ, தமக்கு முன்னே செங்கோல் ஏந்தி நடக்கும் டவாலியை வேண்டாமென்றார், ‘மை லார்ட்’டையும் வேண்டாமென்றார், 2013இல் ஓய்வு பெற்ற நாளில் மின்சார ரயிலேறி வீட்டுக்குப் போனார். அவர் கோர்ட்டில் ஒழுங்கு குலைந்தது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

நீண்ட விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரையே உட்கார அனுமதிக்கலாம், அதற்கு விதிகள் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க, ஒரு குற்றமும் செய்யாத வழக்காளி ஏன் சுவரோரம் நிற்க வேண்டும்? சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் நீதிபதி அய்யாமார்களுக்கு என் விண்ணப்பம் சிறியது. பின்பெஞ்சில் கட்சிக்காரர்களை உட்காரச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காக என்பதை வக்கீலிடம் மட்டுமன்றி, துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரியவரிடமே, அவருக்குப் புரிகிற பாஷையில், உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.