மாவட்டத்துக்கு நீதி, மாணவருக்கு?



பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியான கையோடு, மாவட்ட ஒதுக்கீட்டால் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நீதி கிடைத்துவிட்டதென்ற பழைய பல்லவி மறுபடி தொடங்கிவிட்டது. கேட்கக் கேட்கக் காது புளிக்கிறது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒதுக்கீடு வேண்டியதுதான். ஆனால் மாவட்டம் என்பது கச்சேரி நிர்வாகத்துக்குக் கீறிய எல்லை. அதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசதி என்று யார் சொன்னது? கொழும்பு நகரத் தேசிய பாடசாலை மாணவனும் அவிசாவளைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டம், மருத்துவத்துக்கு ஒரே வெட்டுப்புள்ளி. யாழ். நகரமும் கடல் தாண்டிய நெடுந்தீவும் அப்படியே. நுவரெலியாவின் பெயரால் ஒதுக்கும் இடங்களிலும் முந்திக்கொள்வது உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள நகரத்து 1ஏபி பாடசாலைகள்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவையே காணாத பாடசாலையில் படித்து வந்த பிள்ளை மாவட்ட நிலையில் எங்கே நிற்கும்?

அனுமதிக்குக் கணிக்கும் இசட் புள்ளி விஞ்ஞானபூர்வமானது என்பார்கள். பாடங்களுக்கிடையே உள்ள கடின வேறுபாட்டை அது சமன் செய்கிறது, சரி. பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத வகுப்பறையை எந்தச் சூத்திரம் சமன் செய்யும்? நான்காம் தசமதானம் வரை கணக்குப் பார்க்கிற மேதைகளுக்கு இந்த வெற்றிடம் மட்டும் கண்ணில் படவில்லை! ஒதுக்கீட்டு அலகை மாவட்டத்திலிருந்து கல்வி வலயமாகச் சிறிதாக்கினால் திறமை கெட்டுவிடுமாம். 60 வீதத்தை மாவட்டத்தின் பேரில் பிரித்தபோது கெடாத திறமை, வலயத்தைப் பார்த்துப் பிரித்தால் மட்டும் கெட்டுவிடுமா? பின்தங்கிய வலயத்துக்குள் வெளியார் வந்து புகுந்துகொள்வார்கள் என்ற அச்சத்துக்கும் புது மருந்து தேடத் தேவையில்லை. மாவட்டத்தைத் தீர்மானிக்க மூன்று வருடப் படிப்பைப் பார்க்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை வலயத்துக்கும் பொருத்தி, ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் போதும்.

மாவட்ட ஒதுக்கீடு வந்தது 1974இல். அரை நூற்றாண்டு கடந்தும் அதே கோடுகளைத் தொட மனமில்லாதவர்கள் நீதியைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. மாவட்டத்துக்குரிய இடங்களில் ஒரு பகுதியை, மாணவர் சாதாரண தரம் வரை படித்த கல்வி வலயத்தை வைத்துப் பகிர வேண்டும். அடுத்த அனுமதிக் கைநூல் அச்சேறுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
வவுனியா.