ஆழ உழுமுன் கொஞ்சம் பொறுங்கள்

அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்று என்பார்கள் எமது பெரியோர். ஆண்டுதோறும் பயிர் செய்யும் காணிக்கு அது பொருந்தலாம். பல வருடம் கைவிடப்பட்ட காணிக்கு, முதற்போகத்தில் அது பொருந்தாது என்பதே எமது கருத்து.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய குடும்பங்களில் பல, 2009இன் பின்னர் எலுவன்குளத்துக்கு வடக்கே முசலிப் பக்கம் திரும்பியபோது, காணிகளில் காடு பற்றியிருந்தது. எலுவன்குளம் பக்கத்தில் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுப்போரின் பாடும் ஏறக்குறைய இதுவே. பற்றை வெட்டி, கடன்பட்டு உழவு இயந்திரம் பிடித்து, ஆழ உழுது, அதே கிழமையில் விதைத்து விடுகிறோம். சில கிழமைகளில் கச்சானை மூடிக் களை நிற்கிறது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பெரும்பாலான களைகளின் விதை மிகச் சிறியது. உள்ளே சேமித்த உணவும் சொற்பம். ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேர முடியாது. ஆகவே அவற்றுள் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நெற்சப்பியும் சிறுவிதைக் கோரைகளும் இவ்வகையே. மண்ணைப் புரட்டும்போது கணநேரம் படும் வெளிச்சமே சில விதைகளுக்குப் போதும்.

புதைந்த விதை செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீல் என்ற பேராசிரியர் 1879இல் 20 போத்தல்களில் விதைகளை மணலுடன் கலந்து புதைத்தார். 2021இல் ஒரு போத்தலை எடுத்தபோதும் சில விதைகள் முளைத்தன. வெளிச்சம் பட்டுவிடக் கூடாதென்று இரவு இருட்டிலேயே தோண்டினார்கள். 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட பார்த்தீனியமும் அப்படித்தான். மேற்பரப்பு விதை விரைவில் அழியும். புதைந்த விதை பல வருடம் உயிரோடிருக்கும். ஆழ உழுதால் முதற்போகம் துப்புரவாகத் தெரியலாம். ஆனால் இன்றைய விதையைப் பத்திரப்படுத்துகிறோம். அடுத்த உழவில் அதை மேலே கொண்டுவருகிறோம்.

ஆகவே முதல் மழைக்கு ஓரிரு அங்குலம் மட்டும் மேலாகக் கொத்துங்கள். இரண்டு கிழமை பொறுங்கள். களை முளைக்கட்டும். பூக்குமுன், வெயில் நாளில் மேலாகச் சுரண்டி அழியுங்கள். பிறகு மண்ணை மீண்டும் புரட்டாமல் விதையுங்கள். கச்சான், கௌப்பி, சோளம் போன்ற பெருவிதைகள் ஒன்றரை அங்குல ஆழத்திலிருந்தும் எழும்பி வரும். எள்ளு, குரக்கன் அப்படியல்ல. அவற்றின் விதையும் சிறியது, மேலாகவே இட வேண்டும். பயிர் எழும்பியபின் வரிசைகளுக்கிடையே வைக்கோலோ சருகோ தடிப்பாகப் பரப்பினால் வெளிச்சம் மறையும்.

மழை வீணாகுமே என்பீர்கள். நியாயமான பயம். அப்படியானால் அரை ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள். கோரைக்கிழங்குள்ள காணியில் இம்முறை மட்டும் போதாது. கிழங்கு ஆழத்திலிருந்தும் முளைக்கும், கிண்டித்தான் எடுக்க வேண்டும். களைநாசினியை மட்டும் நம்பவும் முடியாது. கிளைபோசேட்டை அரசு 2015இல் தடைசெய்து, 2022இல் தடையை நீக்கியது. போத்தலின் சாவி எமது கையில் இல்லை.

உதவி செய்வோருக்கும் ஒரு வார்த்தை. உழுத ஏக்கரை எண்ணாதீர்கள். அறுவடை செய்த ஏக்கரை எண்ணுங்கள். உழவுக்கூலியையும் விதையையும் ஒரே நாளில் கொடுத்து அவசரப்படுத்தாதீர்கள்.

கோதுமைக்குள் களை விதைத்ததை வேலைக்காரர் காணவில்லை. முளைத்த பின்தான் கண்டார்கள் என்கிறது நற்செய்தி உவமை. நாம் முன்கூட்டியே காணலாம். காணியின் மேல்மண்ணை ஒரு தட்டில் விரல் தடிப்புக்குப் பரப்பி, நனைத்து, வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு கிழமையில் என்ன களை, எவ்வளவு என்பது தெரியும். கடன் வாங்கி உழவு இயந்திரம் பிடிப்பதற்கு முன் அந்தத் தட்டைப் பாருங்கள்.