பச்சைப் பந்தலுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டால் நம் மாவட்டத்தில் நிக்காஹ் காலம் தொடங்கிவிடுகிறது. கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என எந்த முஹல்லாவிலும் ஒரே வாரத்தில் மூன்று அழைப்பிதழ்களேனும் வீடு தேடி வருகின்றன. அண்மைக் காலமாக அவற்றுள் சிலவற்றில் ஒரு புதுமை தென்படுகிறது. விதை பொதிந்த தாளில் அச்சிட்ட அழைப்பு, தாம்பூலத்திற்குப் பதில் சணல் பை, பழரசத்திற்கு மண் குவளை, வாயிலில் விருந்தினருக்கு ஆளுக்கொரு மரக்கன்று. இயற்கையோடு இயைந்த திருமணம் என்று இதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. தொகை பேசி இவற்றை ஏற்பாடு செய்து தருவோரும் வந்துவிட்டனர்.

நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆயினும் அந்த மரக்கன்றைக் கையில் வாங்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இதற்கான பணம் யாருடையது? பெரும்பாலும் பெண்ணின் வாப்பாவுடையது. மண்டபம், விருந்து, பந்தல், படப்பிடிப்பு அனைத்தும் அவர் தலையில். இவற்றுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட பவுனும் அவர் தலையில். பிளாஸ்டிக்கைத் தவிர்த்த அதே திருமணத்தில் வரதட்சணையைத் தவிர்த்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

பவுனிலிருந்தே தொடங்குவோம். சுற்றுச்சூழலைப் பேசுவோர் மண் குவளையைப் பேசுகிறார்கள். கழுத்தில் கிடப்பதைப் பேசுவதில்லை. ஒரு பவுன் எட்டு கிராம். 2025-இல் அதன் விலை 80,000 ரூபாயைக் கடந்தது. ஐம்பது பவுன் என்றால் செய்கூலி, சேதாரம் நீங்கலாகவே 40 லட்சம் ரூபாய். எடையில் அது நானூறு கிராம். சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்துச் சயனைடில் ஊறவைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கமே. கோலார் தங்க வயல் 2001-இல் மூடப்பட்டது. அங்கே கொட்டிய சயனைடுக் கழிவு குன்றுகளாக இன்றும் நின்று, காற்றடிக்கும் காலங்களில் அவ்வூர் மக்களின் மூச்சில் தூசியாய்க் கலக்கிறது. ஐம்பது பவுனை வாங்கிக்கொண்டு சணல் பையில் தாம்பூலம் கொடுப்பதை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்தப் பவுனுக்காக அடகு வைத்த வீடு, விற்ற விளை, அண்ணன்மார் வளைகுடாவில் கூடுதலாகக் கழிக்கும் ஆண்டுகள் ஆகியவற்றை எந்த அழைப்பிதழிலும் அச்சிடுவதில்லை.

நம் மார்க்கத்தில் தங்கம் பயணம் செய்யும் திசையே வேறு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி எல்லா வலீமா மேடைகளிலும் ஓதப்படுகிறது. அதன் பாதி மட்டுமே நம் காதில் விழுகிறது. மதீனாவுக்கு வந்த புதிதில் அவர் ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்தார். பேரீத்தங்கொட்டை எடையளவு தங்கத்தை அவரே மஹராகக் கொடுத்தார். அவருடைய ஆடையில் வாசனைப் பூச்சின் மஞ்சள் அடையாளத்தைக் கண்ட பிறகுதான் பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்து, மணம் முடிந்ததை அறிகிறார்கள். பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் தூதருக்கே அழைப்பு இல்லாத ஒரு நிக்காஹ்! அதற்காக அவர்கள் மனம் நோகவில்லை. நாமோ, அழைக்காவிட்டால் மனவருத்தம் வரும் என்று மூன்றாம் தெருவின் நான்காம் வீட்டு உறவு வரை அழைத்து ஆயிரத்தைத் தாண்டுகிறோம். தாண்டிய தலைகளுக்கெல்லாம் சோறு போடுபவர் பெண்ணைப் பெற்றவர்.

வலீமா மாப்பிள்ளையின் பொறுப்பு. ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது பெருமானார் கொடுத்த வலீமாவில் இறைச்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. தோல் விரிப்பின் மேல் பேரீத்தம்பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் பரப்பப்பட்டன. பயணத்தின் இடையே நடந்த விருந்து அது. ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஆடு அறுத்து இறைச்சியும் ரொட்டியும் வயிறு நிறையக் கொடுத்தார்கள். இருப்பதற்கேற்பக் கொடுத்தார்கள், எந்த விருந்திலும் பெண்ணின் குடும்பத்திடம் கணக்கு நீட்டவில்லை. அலீ (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்தது தம் கவசத்தை.

இந்த இடத்தில்தான் புதிய தந்திரம் ஒன்று நுழைகிறது. எளிமை சுன்னத் என்று சொல்லித் தம் வலீமாவை ஐம்பது பேருக்குள் முடித்துக்கொள்கிற மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு விருந்துக்கு மட்டும் இருநூறு பேருடன் வேன்களில் வந்து இறங்குகிறார்கள். தம் செலவில் எளிமை, சம்பந்தியின் செலவில் பெருமை. கேட்டால் சொல்வார்கள்: “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாக மனமுவந்து செய்கிறார்கள்.” மூத்த மருமகள் கொண்டுவந்தது எவ்வளவு என்பது ஊருக்கே தெரிந்திருக்க, இளையவளின் வாப்பாவிடம் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவை என்ன? அவர் உவந்து கொடுக்கவில்லை, அஞ்சிக் கொடுக்கிறார். மனைவியருக்கு மஹரை மனமுவந்து கொடுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம் ஆண்களைப் பார்த்துச் சொல்கிறது. அந்த உவப்பை அப்படியே பெண் வீட்டின் பக்கம் திருப்பிவைத்த சாமர்த்தியம் நம்முடையது. நாட்டின் சட்டமோ 1961-லேயே வரதட்சணையைத் தடை செய்துவிட்டது.

அப்படியானால் அழகே கூடாதா? கூடும். அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். குறைந்த செலவில் அழகு செய்ய நம் மாவட்டத்தைப் போல் வாய்த்த இடம் அரிது. தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில் இருக்கிறது. அங்கு கட்டும் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிச்சியும் சம்பங்கியும் கொழுந்தும் விடியற்காலையில் அங்கே குவியலாய்க் கிடக்க, நாம் வெளியூரிலிருந்து குளிர்பெட்டியில் வரும் பூக்களை வாங்கி, மட்காத பச்சை நுரைக்கட்டிகளில் குத்தி வைத்து, மறுநாள் குப்பையில் எறிகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகூர்த்த நாள்களிலும் ஓணத்தை ஒட்டிய நாள்களிலும் தோவாளையில் பூ விலை ஏறும். மண்டப வாடகையும் அவ்வாறே. நமக்கு முகூர்த்தம் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை. ஒரு சாதாரண புதன்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதினால் எல்லாமே மலிவாகும். நம் அகீதாவே நமக்குத் தந்திருக்கும் சலுகை இது. நாமோ பிடிவாதமாக ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துத் தொங்குகிறோம்.

பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரைக் கோரையை நுட்பமாகக் கிழித்துச் சாயமேற்றி நெய்யும் அந்தக் கைகளில் பெரும்பாலானவை நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்களின் கைகள். மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருவார்கள். ஒரு மாலைப் பொழுதில் வாடும் மேடை அலங்காரத்தின் விலையில் சிறு பகுதி போதும். ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடக்கும். மட்கினால் மண்ணுக்கு உரமாகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம், வாழையிலை, முடைந்த தென்னோலைப் பந்தல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் நம் உம்மம்மாமார் காலத்தில் எவரும் பெயர் சூட்டாமலே நடந்தவை.

விருந்து முடிந்த மண்டபத்தின் பின்புறம் ஒருமுறை சென்று பாருங்கள். உண்ணும் மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தண்ணீர்ப் பொட்டலம் ஆகிய அனைத்தையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனாலும் அவை அங்கே கிடக்கும். தடைக்குத் தப்பிய சிறு தண்ணீர்ப் பாட்டில்கள் பாதி குடித்த நிலையில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்காதே என்று படித்தவர்கள் குடித்து எறிந்தவை அவை. எல்லாம் எங்கே போகின்றன? நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்கு தீப்பற்றிப் புகைந்த நாள்களை இடலாக்குடி மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. நம் வலீமாவின் மிச்சத்தைச் சுவாசிப்பவர்களில் நம் முஹல்லாவின் குழந்தைகளும் உண்டு.

சோற்றின் கதி இன்னும் மோசம். இலையில் பாதி இறைச்சியை விட்டெழுவது கௌரவமாகிவிட்டது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் உண்ணும் அளவு பார்த்து நம் கை தானாக அடங்கும், மிச்சமாவது குறையும். அதை நாகரிகக் குறைவென்று கருதுவோர் செல்வந்தரை மட்டும் அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்ற ஹதீஸையும் நாகரிகக் குறைவென்று தள்ளிவிடப் போகிறார்களா?

பதாகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு திருமணத்துக்காகச் சாலையில் கட்டிய பதாகை சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் நம் ஊர்ச் சந்திகளில் மாப்பிள்ளையின் முகம் பத்தடி உயரத்தில் சிரிக்கிறது.

தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பழம்பெருமை பேசிக்கொண்டே வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு தரவாட்டின் கதை அது. நம் மண்ணைப் பற்றியது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். இன்று நாம் விற்பது பெண்ணைப் பெற்றவரின் பொருளை என்பதுதான் வேறுபாடு.

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது மிகச் சில. நிக்காஹ் பதிவேட்டில் மஹரை எழுதுகிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பெற்ற ரொக்கத்தையும் பவுனையும் எழுத ஒரு பத்தி சேருங்கள். எழுதக் கூசினால் அந்த நிக்காஹை ஓதிவைக்க இமாமை அனுப்பாதீர்கள். பெண் வீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையுடன் வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். ஜமாஅத்துக்கென்று நூறு சஹனும் ஆயிரம் எவர்சில்வர் குவளையும் வாங்கிவைத்து, பணக்காரர் ஏழை என்ற வேறுபாடின்றிக் கொடுங்கள். அடுத்த ஷவ்வாலுக்கான மண்டபங்கள் இப்போதே பதிவாகத் தொடங்கிவிட்டன. அதற்குள் உங்கள் பொதுக்குழு ஒருமுறையேனும் கூடும். இக்கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். ஆண்மக்களைப் பெற்றவர்கள் முதலில் கையொப்பமிடட்டும்.