கூடத்துக்கு ஏற்ற திரை

2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பயனாகத் தமிழகத்து வீடுகளுக்கு வந்த 14 அங்குல இலவசக் கலர் டிவி, வெகுகாலம் உழைத்து ஓய்ந்தபின், செஞ்சி வட்டாரத்து அனந்தபுரம் போன்ற சிற்றூர்களில் அதன் ஸ்தானத்தைச் சுவரில் மாட்டும் தட்டைத் திரைகள் பிடித்துவருகின்றன. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் குடும்பத்துக்குத் திரையின் குணதோஷங்களைப் பிரித்துச் சொல்வார் இல்லாதது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

எல்.இ.டி. என்று விற்கப்படுவது வாஸ்தவத்தில் எல்.சி.டி. திரையே, பின்னாலிருந்து ஒளி தந்த மெல்லிய குழல்விளக்குகளின் இடத்தில் டயோடு விளக்குகள் வந்திருக்கின்றன, அவ்வளவே. கியூ.எல்.இ.டி.யும் அதே வம்சந்தான். குவாண்டம் டாட் என்னும் நுண்துகள் படலம் வர்ணங்களுக்குச் செழுமை கூட்டுகிறது. ஓ.எல்.இ.டி.யில் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், இருட்டுக் காட்சி பூரண இருட்டாகவே நிற்கும். ஆயினும் நாள் முழுதும் செய்திச் சேனல் ஓடும் வீட்டில், மூலையில் அசையாது நிற்கும் சின்னம் அத்திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும். விலையும் சாமானியர் கைக்கு எட்டுவதன்று.

எல்.சி.டி. திரைகளுக்குள்ளும் பேனலைப் பொறுத்து ஐ.பி.எஸ்., வி.ஏ. என்னும் வகைகள் உண்டு. தெருக்கதவு திறந்தே கிடக்க, பாட்டி பக்கவாட்டில் கட்டிலிலும் பிள்ளைகள் தரையிலுமாக அமர்ந்து பார்க்கும் நம் கூடங்களுக்கு, எந்தக் கோணத்திலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். பேனலே, அதன் கருமை சற்றுச் சாம்பல் பூத்திருந்தாலும், உகந்தது. கருமை ஆழ்ந்த வி.ஏ. பேனலோ நேரெதிரே இருப்பவருக்கே நியாயம் செய்யும். கடையில் பக்கவாட்டில் இரண்டடி விலகி நின்று, திரையில் தெரியும் முகம் வெளிறுகிறதா என்று நோக்கினால் இந்த பேதம் கண்கூடாக விளங்கும். அங்கே ஓடும் 4கே விளம்பரப் படத்தில் மயங்காமல், சாதாரணக் கேபிள் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்வதும் அவசியம். 576 வரிகளே கொண்ட அச்சித்திரம் 2160 வரிகள் கொண்ட 4கே திரையில் விரியும்போது, திரை பெரிதாகப் பெரிதாக மங்கலும் கூடுதலாகத் தெரியும்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியதால், பெரிய திரையின் மேல் ஆசை பெருகியிருக்கும் தருணம் இது. ஆகவே, மின்சாரச் செலவைக் காட்டும் நட்சத்திர முத்திரையின் பக்கத்திலேயே பேனலின் வகையையும் தமிழில் அச்சிடுமாறு அரசு தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும்.